நூற்றெண்பது திர்ஹம் தாடை

வெள்ளை ஓக் கதவின் விளிம்பில்
கோடு கோடாகப் பதிந்திருந்தது
வைஸின் பல்.
குல்சமான் விரலால் தடவி எண்ணினார்.
பதினொன்று.
ஒரு வார்த்தை திட்டவில்லை.
மாசக் கடைசியில் சம்பளச் சீட்டு பேசியது:
கழிவு, நூற்றெண்பது.

ஸ்டோருக்குப் போய்ச் சொன்னேன்,
வைஸ் சரியில்லை, ஏதாவது செய்யணும்.
ஒரு காதில் பாட்டு செருகியிருந்த நௌபல்
பதறி எழுந்தான்:
விசா சரியில்லையா? யாருக்கு?
விசா இல்லப்பா, வைஸ்.
அஜ்மானில் இரண்டுக்கும் பிடிக்கிற வேலைதான்.
ஒன்றின் கைப்பிடி மட்டும் நம் பக்கம்.

கடலோர வில்லா ஒன்றின் படிக்கட்டுக்கு வந்து
நீளம் போதாமல் ஓரங்கட்டிய பீச் துண்டு.
இருபத்தைந்து மில்லிக் கனம்,
முடிச்சு இல்லை, ரேகை நேர்.
ஆகஸ்ட். தகரக் கூரை.
சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள்
ஏசி ரூமில் சாய்ந்துகிடக்க
ஒன்பது அங்குலத்தில் இரண்டாக அறுத்தேன்.
தூள் பறக்கவில்லை,
வேர்வையில் அப்பிக்கொண்டது.

துளை எங்கே என்று அளக்கப் போனால் தப்பும்.
இரும்புத் துளையின் விளிம்பில் கிரீஸ் தடவி
மரத்தை வைத்து ஒரு அமுக்கு.
எடுத்துப் பார்த்தால்
இரண்டு கருவளையம்,
நைட் டியூட்டிக்காரன் கண் மாதிரி.
அதன் நடுவில் டிரில்.
போல்ட்டின் தலை முழுக
மேலே அகலமாக ஒரு குழி.
தலை வெளியே துருத்தி நின்றால்
அதுவும் ஒரு பல்தான்.

போல்ட் கிடைக்கவில்லை.
பத்து மில்லி இரண்டு சுற்று ஏறி முரண்டுபிடித்தது.
வைஸ் பழசு, அங்குலக் கணக்கு;
கடையெல்லாம் மில்லி.
வெள்ளிக்கிழமை பழைய இரும்புக் கடையில்
நான் மூணு நூல் என்றேன்,
கடைக்காரன் தீன் சூத் என்றான்,
சாக்கைக் கொட்டி இருவரும் தேடியது ஒன்றைத்தான்.
நாலு எடுத்தேன். ஐந்தாவதைச் சும்மா கொடுத்தான்,
அதில் மரை போயிருந்தது.

நேராக இழைத்துத்தான் முதலில் மாட்டினேன்.
நேராக இருந்தால் பிடிக்காது என்பது
இறுக்கியபோது தெரிந்தது.
திருகு கீழே இருந்து இழுக்கிறது,
மேல் உதடு விலகுகிறது.
கழற்றி,
மேல் விளிம்பைத் தொடாமல்
கீழ்ப்பக்கம் மட்டும் இழைத்தேன்,
ஒரு சீவல், ஒரு பார்வை,
ஒரு சீவல்.
மேல் முதலில் தொடணும்,
அப்புறம் கீழ்.

நகர்கிற தாடைக்குத் தோல் ஒட்டும்போது
பின்னாலிருந்து குரல்:
அது என் செருப்பு இல்லையா?
குப்பையில் கிடந்தது, உஸ்தாத்.
பெஷாவர் தோல், என்றார் குல்சமான்.
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.
பசை காயும்வரை தொடாதே, என்றார்,
தானே தொட்டுவிட்டு.
நூற்றெண்பது பற்றிப் பேச்சில்லை.

சோதிக்கக் காகிதம் வேண்டும்.
பையில் இருந்தது சம்பளச் சீட்டு.
நீளவாக்கில் கிழித்து
மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து
மெல்லத் திருகினேன்.
மேல் துண்டு நின்றது,
கீழ்த் துண்டு உருவி வந்தது.
திரும்ப வைத்து இன்னொரு கால் சுற்று.
இப்போது இரண்டும் அசையவில்லை.
பிடித்து இழுத்தேன்.
பெயரும் அடிப்படைச் சம்பளமும்
கிழிந்து கையோடு வந்தன.
கழிவு தாடைக்குள்ளேயே நின்றது.

உடனே தளர்த்தவில்லை.
போய்த் தண்ணீர் குடித்தேன்,
டேங்க் தண்ணீர், அப்படியே டீத்தூள் போடலாம்.
வந்து பார்த்தால்
தில்பகதூர் அடுத்த கதவைத் தூக்கிக்கொண்டு
நிற்கிறான்,
காகிதத்தை எடு, கை வலிக்கிறது, என்கிறான்.